சுவர்ப் பக்கம்

“அத்தை, இந்தப் பூவெல்லாம் யாருக்கு போன் பண்ணப் போவுது?”

திவ்யதர்ஷினி அதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயதிருக்கும். டெலிபோன் புத்தகத்தை மடியில் சுமந்துகொண்டு, தாள்களுக்கு நடுவே தட்டையாகக் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மா சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“இன்னும் லைன் கெடைக்கலடி. கெடைச்சதும் பண்ணும். மூடி வை, காத்துப் பட்டா ஒடைஞ்சிரும்.”

இப்போது திவ்யாவின் அம்மா பவானேஸ்வரி அந்தப் புத்தகத்தில் கோயிலின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். சாவுச் சடங்கு செய்யும் பண்டாரத்துக்குச் சொல்லியாக வேண்டும். இன்னும் சரியாக விடியவில்லை. அவள் கணவன் கணேஸ்வரன் தன் அக்காள் குஞ்சம்மா இறந்ததைப் பதிவு செய்ய போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். அவசரத்தில் பக்கங்கள் மொத்தமாகப் புரண்டுவிட, ஒரு செம்பருத்தியும் பெயர் தெரியாத சில காட்டுப் பூக்களும் சறுக்கித் தரையில் விழுந்தன. விழுந்த சத்தமே கேட்கவில்லை. கூடவே அந்த வாசம் எழுந்தது. பவானேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வசம்பு வாசம். பூச்சி அரிக்காமல் இருக்க குஞ்சம்மா அதைப் பொடித்துத் தாள்களுக்கு நடுவே தூவி வைப்பாள். அந்த வாசத்தை பவானேஸ்வரியால் தாங்க முடியாது. ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பூக்களைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். கோயிலின் எண் அவளுக்கு மனப்பாடமாகவே தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள் அறையில் குஞ்சம்மா படுத்திருந்தாள். அரைமணி நேரத்துக்கு முன்பு தலைமாட்டில் வைத்த காப்பி ஏடு கட்டிப்போயிருந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, “நாளைக்கு ஆயர் குரோவுக்குச் சீக்கிரம் போவணும், புயல் காத்துல எல உதுந்து கெடக்கும்” என்று சொல்லிவிட்டுப் படுத்தவள். ஆயர் குரோ பூங்காவில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. உதிர்ந்த இலை அவளுக்கு வேலையும்தான், சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சம்பளமும்தான். மற்றவர்கள் குவித்து எரிப்பதில் ஒரு பிடியை அவள் பையில் போட்டுக்கொண்டு வருவாள். இலை, விதை, இறகு, பட்டை, வண்டின் ஓடு. டெலிபோன் புத்தகத்தில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுவாள். பிறகு ஒருநாள் அது மயிலாக, கோபுரமாக, தென்னந்தோப்பாகக் கண்ணாடிக்குள் போய்விடும்.

கண்ணாடியும் வாங்கியதில்லை. புக்கிட் காத்திலில் தாமான் குடியிருப்பு வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள், ஜன்னலில் அடுக்கடுக்காகத் திறந்து மூடும் பழைய நாக்கோ கண்ணாடிகளைக் கழற்றி ரோட்டோரம் போடுவார்கள். குஞ்சம்மா அவற்றைக் கழுவி எடுத்துவருவாள். அதனால் அவளுடைய படங்கள் எல்லாம் ஒடுக்கமாக, நீளமாகவே இருக்கும். சட்டத்துக்குப் பழக்கடைப் பெட்டியின் பலகை. யாருக்காவது கல்யாணம் என்றால் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஒன்றைக்கூட விற்றதில்லை. வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க அவள் படங்கள்தான் தொங்கின. அவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

*

மீனம்மா வந்ததும் வீட்டுக்கு ஒரு பலம் வந்தது போலிருந்தது. ரப்பர் தோட்டத்தில் குஞ்சம்மாவோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

“ஏன்டி குஞ்சு, எனக்கு முன்னாடி போறதுக்கு ஒனக்கு என்னடி அவசரம்? பஸ்ஸா போயிரும்? முந்தாநேத்து பாசார்ல பாத்தப்ப ஒரு வார்த்த சொன்னியா நீ?”

அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியாத குரல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பவானி, புதுப் பொடவ இருக்கா? இல்லாட்டி நீ கட்டாததா ஒண்ணு எடு. கதவச் சாத்து” என்றாள்.

இருவருமாகக் குஞ்சம்மாவுக்குச் சேலை மாற்றினார்கள். அவள் விரல் நுனிகள் கரகரவென்று காய்த்துப்போயிருந்தன. நகக்கண்ணில் மரவள்ளி மாவுப் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பவானேஸ்வரி ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கைகளை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை என்று தோன்றியது. இல்லை. ஒருமுறை பார்த்திருக்கிறாள். தன் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போன கைகள் இவை.

“என்னம்மா நின்னுட்ட?”

“ஒண்ணுமில்லக்கா.”

வெளியே ஹாலில் பெரியதம்பியின் குரல் கேட்டது. கணேஸ்வரனின் சித்தப்பா. குடும்பத்தில் எஞ்சியிருந்த ஒரே பெரியவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

“சாமி படத்தையெல்லாம் திருப்பி வைங்கப்பா. சாவு வீட்டுல சாமி பாத்துக்கிட்டு நிக்கக்கூடாது. நெலக்கண்ணாடிய துணி போட்டு மூடு. கண்ணாடி போட்டதெல்லாம் திருப்பிருங்க, ஒண்ணையும் விடாதீங்க.”

கணேஸ்வரனோடு சுங்கை ஊடாங் ரிஃபைனரியில் வேலை செய்யும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஆட்கள். முருகனைத் திருப்பினார்கள், மாரியம்மனைத் திருப்பினார்கள். பிறகு எதிர்ச் சுவருக்கும் போனார்கள். ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கமாக வைத்து மாட்டினார்கள்.

பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது வேலை முடிந்திருந்தது.

பவானேஸ்வரி நின்றுவிட்டாள். முதலில் அவளுக்கு வேறு யார் வீட்டிலோ வந்து நிற்பது போலிருந்தது. மயிலைக் காணோம். கோபுரத்தைக் காணோம். ஆனால் சுவர் வெறுமையாகவும் இல்லை. திருப்பி மாட்டிய ஒவ்வொரு படத்திலும் அவள் என்றுமே பார்த்திராத இன்னொரு படம் இருந்தது.

குஞ்சம்மா ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு கண்ணாடி போட்டிருக்கிறாள். ஊர் பார்க்க ஒன்று, சுவர் பார்க்க ஒன்று.

காலை வெயில் நாக்கோ ஜன்னல் வழியாகப் பட்டை பட்டையாக விழுந்து அவற்றின்மேல் கிடந்தது. முன்பக்கத்துப் படங்களைப் போல இவற்றில் உருவம் எதுவும் இல்லை. நடுவில் ஏதோ ஒரு சின்னப் பொருள், பக்கத்தில் ஒரே ஒரு பூ. அவ்வளவுதான். காய்ந்து பழுப்பேறிய பூ. சிலவற்றில் பாதி நசுங்கிய பூ.

மீனம்மா பிணத்தையும் மறந்து சுவரருகே போனாள்.

“அட தெய்வமே” என்றாள் மெதுவாக.

முதல் படத்தில் ஒட்டுப்பால் இழை ஒன்று கயிறுபோல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ரப்பர் மரத்து வெட்டுவாயில் காய்ந்து நிற்குமே, அது. அருகில் ஒரு செவ்வந்தி.

“இது வீரமுத்து தாத்தாடி. ஐ.சி. கார்டுகூட இல்லாத ஆளு. சாவுற வரைக்கும் மரம் சீவுனாரு. அவரு போறப்ப செவ்வந்திதான் எறைச்சாங்க, எனக்கு ஞாபகம் இருக்கு.” மீனம்மா அடுத்ததற்கு நகர்ந்தாள். தென்னங்கீற்றில் விரல்நகம் அளவுக்கு முடைந்த ஒரு தடுக்கு. “நல்லமுத்து! கண்ணு தெரியாதே, தடவித் தடவியே கீத்து பின்னுவாரே... இது... இது என்னாது மயிரு?”

செம்பட்டை நிறத்தில் சில ரோமங்கள் நூலால் கட்டப்பட்டிருந்தன, பக்கத்தில் ஒரு புல்லின் பூ. மீனம்மா அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வழிந்தது.

“நம்ம தோட்டத்து நாயிடி! ஆயாக் கொட்டாயில புள்ளைங்களோட படுத்துக் கெடக்குமே, அதுதான். பாவி, நாய்க்குக்கூட பூ வெச்சிருக்கா பாரு!”

தோட்டத்தில் இருந்தவரை குஞ்சம்மாவுக்கு ஆயாக் கொட்டகையில்தான் வேலை. பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். கல்யாணமான வருடமே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் அவள் பூ வைத்துக்கொள்ளவும் இல்லை, பொட்டை அழிக்கவும் இல்லை. தோட்டம் விற்றுப் போனபோது தம்பி குடும்பத்தோடு டவுனுக்கு வந்தாள்.

“எனக்கு இப்பதான் வெளங்குது” என்றாள் மீனம்மா. “தோட்டத்துல பொணம் போன பொறவு, பொம்பளைங்க எல்லாம் திரும்பி வருவோம்ல, இவ மட்டும் பின்தங்குவா. பாதையில குனிவா. என்னடின்னா, செருப்பு வாரு அந்துபோச்சுங்கிறா. ஒவ்வொரு சாவுக்குமா செருப்பு வாரு அந்துபோவும்? நானும் கிறுக்கி, நம்பிக்கிட்டே இருந்தேன்.”

சுவரை மறுபடியும் ஒருமுறை முழுதாகப் பார்த்தாள்.

“போட்டோ இருக்குறவங்க ஒருத்தரும் இதுல இல்லம்மா.”

டெலிபோன் மேசைக்கு மேலே, வழக்கமாக மயில் இருக்கும் இடத்தில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் பவானேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள்.

அதில் மற்றவற்றைப் போல அலங்காரம்கூட இல்லை. கறுத்த நூலில் கோத்த வசம்புத் துண்டுகள், ஒரு சின்ன வளையம். பச்சைப் பிள்ளையின் கையில் கட்டுவது, பெரியவர்களின் இரண்டு விரல்கூட நுழையாத வளையம். அதற்குள்ளே ஒரு நந்தியாவட்டை.

லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நந்தியாவட்டைச் செடி ஒன்று நின்றது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் தண்ணீர் அதன் வேருக்குத்தான் போகும்.

அவளுடைய முதல் பிள்ளை பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல். பெயர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது, பூ இறைப்பது கிடையாது. தாய் பின்னால் போகக்கூடாது. குஞ்சம்மா வந்து மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். துணியில் சுற்றி ஆண்கள் கொண்டுபோனார்கள். ஏணைத் துணி, சட்டை, எண்ணெய்க் கிண்ணம், எல்லாவற்றையும் கொல்லையில் எரிக்கச் சொன்னார்கள். கண்ணில் பட்டால் அடுத்தது தங்காதாம். யாரும் அதன்பின் அவனைப் பற்றிப் பேசவில்லை. பல வருடம் கழித்து திவ்யா பிறந்தபோதுகூட, இது மூத்த பிள்ளையா என்று கேட்டவர்களுக்குக் கணேஸ்வரன் ஆமாம் என்றுதான் சொன்னான். அந்த முதல் பிள்ளையைப் புதைத்த இடத்தில் இப்போது கோல்ஃப் திடல். அவன் இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு அவளுடைய உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றுதான் பவானேஸ்வரி நினைத்திருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போன அந்தக் கைகளை அவள் உள்ளுக்குள் மன்னிக்கவும் இல்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் நினைவுக்கு வந்தது. சுவருக்குச் சாயம் பூச வேண்டும். குஞ்சம்மா மயில் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “பவானி, இந்தப் பக்கம் கொஞ்சம் பாக்குறியா?” என்றாள். வசம்பு வாசம் குப்பென்று வந்தது.

“இந்தக் குப்பையில எல்லாம் நான் கை வெக்க மாட்டேன் அண்ணி. எறும்பு வருது. வேணும்னா நீங்களே தொடச்சி மாட்டிக்கிங்க.”

குஞ்சம்மா படத்தை மயில் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “சரிம்மா, நானே தொடச்சிக்கிறேன்” என்று சிரித்தாள். படத்தின்மேல் ஊர்ந்த எறும்பை ஊதிவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளே கழற்றினாள், அவளே மாட்டினாள்.

கடவுள் எதையும் மறப்பதில்லை என்று பவானேஸ்வரி கோயிலில் கேட்டிருக்கிறாள். நம்பவும் செய்தாள். ஆனால் அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது கண்ணாடிக்குள் பழுப்பாக, ஒரு இதழ்கூட மடங்காமல் இருந்தது அது. அவள் தொடவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றாள்.

*

கணேஸ்வரன் போலீஸ் கொடுத்த தாளோடு வந்தான். அக்காளின் காலடியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து திரும்பியவன் மனைவியைப் பார்த்தான். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனும் பார்த்தான். தாளை மடித்தான். மறுபடியும் பிரித்தான். மறுபடியும் மடித்துப் பையில் வைத்தான். பிறகு விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, நாற்காலி இரவல் வாங்க எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்கிடம் போனான். வெளியே அவன் ரொம்ப நேரம் நின்றிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது.

மீனம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. வந்த பெண்களுக்கெல்லாம் காட்டினாள். “இதெல்லாம் செத்தவங்களுக்குப் போட்ட பூ. நம்ம குஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கியாந்து வெச்சிருக்கா.”

பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியதம்பியின் காதுக்கு அது போனதும் அவர் எழுந்து உள்ளே வந்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“என்னாது? பொணத்துப் பூவா?”

அவர் ஓரடி பின்வாங்கினார்.

“பொணத்துப் பூவயா வீட்டுக்குள்ள வெச்சிருந்தா இவ? தலைக்கு மேல மாட்டிக்கிட்டு இத்தன வருஷமா சோறு தின்னுருக்கீங்க? போன வீட்டுலேருந்து ஒரு துரும்பு எடுத்தாரக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமேப்பா!” குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. “அந்த மெத்தையோட சேத்து லோரில ஏத்துங்க. சுடுகாட்டுலயே கொளுத்திருவோம். ஒண்ணும் இந்த வீட்டுல தங்கக்கூடாது. ஏம்பா, எடுங்க.”

காலையில் திருப்பி மாட்டிய அதே இரண்டு பேர் மறுபடியும் எழுந்தார்கள். ஒருவன் டெலிபோன் மேசையை நகர்த்தினான்.

பெரியதம்பியின் பேச்சுக்கு பவானேஸ்வரி ஒருநாளும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததுகூட இல்லை. அவள் போய் அந்தப் படத்துக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றாள்.

“இது வேணாம் மாமா.”

“தெரியாம பேசாதம்மா. இது ஆவாது.”

“இது எங்க புள்ள மாமா.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நீங்கதான மாமா தூக்கிட்டுப் போனீங்க.”

திவ்யா அறை வாசலில் நின்று, யாரை என்று கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். மீனம்மா அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

பெரியதம்பி படத்தின் அருகே வந்தார். குனிந்து வளையத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை தன்னையறியாமல் மடங்கி மார்போடு சேர்ந்தது. சின்னதாக எதையோ ஏந்துவதுபோல் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு கீழே இறங்கியது.

“மழ அன்னிக்கு” என்றார். “ரொம்ப வழுக்குச்சு.”

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார்.

“அத எடத்துல வைப்பா. ஒண்ணையும் எடுக்க வேணாம். பதினாறு வரைக்கும் இப்படியே இருக்கட்டும். கண்ணாடி போட்டதெல்லாம்னு நாந்தான் சொன்னேன், நீங்களும்...” நிறுத்தினார். “சரி. நல்லதுக்குத்தான் திருப்பியிருக்கீங்க. யாராவது எனக்கு ஒரு காப்பி குடுங்கம்மா.”

*

மதியம் சாய்ந்ததும் எடுத்தார்கள். பண்டாரம் சங்கு ஊதினார். கணேஸ்வரன் ஈரத்துண்டோடு கொள்ளிச்சட்டி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். சவ வண்டி தாமான் ரோட்டில் மெதுவாக உருண்டது. வண்டியின் இரண்டு பக்கமும் ஆட்கள் பூ இறைத்துக்கொண்டே போனார்கள். செவ்வந்தி, ரோஜா இதழ், ஊதா நிற ஆர்க்கிட். மக்சிக் தன் வீட்டு வாசலில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அசையாமல் நின்றாள்.

ரோட்டு முக்கில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்குமேல் அவர்கள் போவதில்லை. வண்டி புக்கிட் பெருவாங் சுடுகாட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. யாரோ, “வாங்கடி, வீட்டக் கழுவணும்” என்றார்கள். மீனம்மா திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பவானேஸ்வரி பின்தங்கினாள்.

ரோடு நீளத்துக்கும் பூ கிடந்தது. இன்னும் சற்று நேரத்தில் வேலைவிட்டு வரும் கார்கள் எல்லாவற்றையும் அரைத்துவிடும். அவள் காலில் செருப்பு இல்லை. வெயிலில் காய்ந்த தார் சுட்டது. யாராவது ஏன் குனிகிறாய் என்று கேட்டால் வார் அறுந்துவிட்டது என்று சொல்லக்கூட முடியாது.

யாரும் கேட்கவில்லை.

வண்டிச் சக்கரம் ஓரத்தில் ஏறிப் போன ஒரு மஞ்சள் செவ்வந்தி கிடந்தது. ஒரு பாதி முழுதாக இருந்தது. மறுபாதியைச் சக்கரம் முன்பே அழுத்திவிட்டிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

வீட்டில் பெண்கள் கொல்லைப்பக்கம் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஹாலுக்கு வந்து டெலிபோன் புத்தகத்தைத் திறந்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பூவை வைத்து மூடி, அடுப்படியிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கிவந்து மேலே வைத்தாள். முதல் வாளித் தண்ணீர் ஹாலுக்குள் ஓடிவந்து அவள் பாதத்தை நனைத்தது.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். கணேஸ்வரன் சித்தப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனான். புறப்படும்போது பெரியதம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, “மயிலு நல்லா இருக்கும். அதப் பழையபடி மாட்டிரும்மா. பின்னாடி இருக்குறது இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். திவ்யா மக்சிக் வீட்டில் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாள்.

பவானேஸ்வரி குளித்து, விளக்கேற்றி, மாரியம்மனையும் முருகனையும் முகம் திருப்பி வைத்தாள். வீரமுத்து தாத்தாவைத் திருப்பினாள், கோபுரம் வந்தது. நாயைத் திருப்பினாள், தென்னந்தோப்பு வந்தது. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத்தான் மாட்டினாள். கடைசியாக டெலிபோனுக்கு மேலே இருந்ததை இறக்கித் தரையில் பாய்மேல் கிடத்தினாள்.

அடிச்சட்டத்தில் இரண்டு சின்ன ஆணிகள்தான். கத்தி முனையால் நெம்பியதும் வந்துவிட்டன. எளிதாகத் திறக்கும்படிதான் குஞ்சம்மா அடித்திருக்கிறாள். கண்ணாடியை மெதுவாக இழுத்தாள். வசம்பு வாசம் எழுந்து முகத்தில் படிந்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்த தலை நிமிராமல், அது தீருகிறவரைக்கும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

டெலிபோன் புத்தகத்திலிருந்து எடுத்த செவ்வந்தி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கிண்ணத்தில் காய்ச்சி வைத்திருந்த மரவள்ளி மாவுப் பசையை விரல்நுனியில் தொட்டு அதன் பின்புறம் தடவினாள். வளையத்துக்கு வெளியே, ஆனால் தள்ளி வைக்காமல், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒட்டினாள். காய்ந்ததும் கண்ணாடியைத் தள்ளி மூடினாள். ஆணிகளைப் பழைய துளையிலேயே அழுத்தினாள்.

படத்தைத் தூக்கி, அந்தப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்து மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். மயில் கழுத்தை உயர்த்தி நின்றது. அதன் கழுத்தின்மேல், கண்ணாடிக்கு வெளியே, ஒரு எறும்பு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் கை துணியோடு உயர்ந்தது. பிறகு துணியைத் தாழ்த்திவிட்டு, கிட்டே போய், மெல்ல ஊதிவிட்டாள்.